முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலி யோகா: முதல் எட்டு வாரம்

அம்மாவுக்கு அப்போது 71 வயது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தார். முதல் நாளே எல்லோரையும் வஜ்ராசனத்தில், அதாவது முட்டியை மடித்துக் குதிகால் மேல், உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்துவிட்டார்களே என்ற கூச்சத்தில் அம்மாவும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டார்கள். மறுநாள் வலது முட்டி பன் மாதிரி உப்பியிருந்தது. "யோகாவெல்லாம் நமக்கு ஒத்துவராதுடி" என்று பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டவர், மூன்று வருடம் அதைத் தொடவேயில்லை.

அந்தக் கோபத்தில்தான் நான் யோகா படிக்கப் போனேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் எங்கள் தெருப் பெரியவர்களுக்கு மாடி ஹாலில் நாற்காலி யோகா சொல்லித்தருகிறேன். வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் முட்டித் தேய்மானம் உள்ளவர்கள். முதல் நாள் அவர்களிடம் சொல்வதையும், அடுத்த எட்டு வாரத்தில் செய்ய வைப்பதையும் இங்கே எழுதுகிறேன்.

என் வகுப்பில் ஒரே ஒரு குறிக்கோள்தான்: நாற்காலியிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் யார் உதவியும் இல்லாமல் எழுந்து, தடுமாறாமல் நிற்க வேண்டும். சம்மணம் போடுவது, கால் விரலைத் தொடுவது எதுவும் பாடத்திட்டத்தில் இல்லை.

முட்டிக்குள் என்ன நடக்கிறது

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து "ஜவ்வு தேஞ்சிடுச்சு" என்கிறார். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. அதற்கு மூட்டு அமுங்கி விரிய வேண்டும், அதாவது அசைய வேண்டும். வலிக்கிறதே என்று சோபாவில் உட்கார்ந்தே இருந்தால் விறைப்பு கூடும். அதைவிடப் பெரிய நஷ்டம் தொடையில். முட்டியில் வலியும் வீக்கமும் இருந்தால் தொடையின் முன்பக்கத் தசை சரியாக வேலை செய்யாது, நாளாக ஆக இளைத்தும் போகும். "நடக்கும்போது திடீரென்று முட்டி மடங்கிவிடுகிறது" என்று பலர் சொல்வதற்கு இந்தத் தசை கைவிடுவதும் ஒரு முக்கியக் காரணம்.

தேய்ந்த ஜவ்வை யோகா வளர்த்துத் தராது. அப்படி யாராவது சொன்னால் பணத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். தொடைக்கும் இடுப்புக்கும் பலம், கணுக்காலுக்கு இளக்கம், நிற்கும்போது நிதானம், இவ்வளவையும் அது தரும். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி என்ற வாதநோய் மருத்துவர்கள் அமைப்பு தன் 2019 வழிகாட்டுதலில், முட்டித் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியை அழுத்தமாகப் பரிந்துரைத்தது. யோகாவை அதற்கு ஒரு படி கீழே, ஆளைப் பார்த்து முடிவு செய்யலாம் என்ற அளவில் வைத்தது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஏனென்றால் யோகா என்ற பெயரில்தான் அம்மாவை வஜ்ராசனத்தில் உட்கார வைத்தார்கள்.

நாற்காலியில் செய்வதெல்லாம் யோகாவா என்று என் வகுப்பில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கேட்டார். சென்னையில் வாழ்ந்து 1989-ல் நூறு வயதில் மறைந்த யோகா குரு கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்கு ஏற்றபடிதான் பயிற்சி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர். அவருடைய சீடர் பி.கே.எஸ். ஐயங்கார் நாற்காலி, கட்டை, வார், போர்வை எல்லாவற்றையும் ஆசனத்துக்குள் கொண்டுவந்தார். அவ்வளவு பெரியவர்களே நாற்காலியை மதித்திருக்கிறார்கள், நமக்கென்ன ஐயா என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்

முட்டி சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலும் அப்படியே. முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவோ மடக்கவோ வராதவர்கள், காலை ஊன்றவே முடியாதவர்கள், சமீபத்தில் விழுந்தவர்கள், எழுந்து நின்றதும் தலைசுற்றுகிறவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து சில மாதமே ஆனவர்கள், எல்லோரும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். காலையில் எழுந்ததும் இருக்கும் விறைப்பு தேய்மானத்தில் பொதுவாக அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரம் ஆகியும் விடவில்லை, விரல் மூட்டுகளும் வீங்கியிருக்கின்றன என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

சுகர் உள்ளவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். உள்ளங்கால் மரத்துப்போயிருந்தால் தரை சரியாகத் தெரியாது. உடம்பு நிதானமாக நிற்கக் கண், உட்காது, பாதம் மூன்றிலிருந்தும் தகவல் வர வேண்டும். பாதத்தின் பங்கு குறைந்தால் கண்ணையும் கையையும்தான் நம்ப வேண்டியிருக்கும். நின்று செய்யும் பயிற்சிகளில் அவர்கள் பிடியை விடவே கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் செய்யாதீர்கள்.

நாற்காலி, தரை, உடை

கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கால் விரியும், டைல்ஸில் வழுக்கும். அதுதான் இருக்கிறதென்றால் முதுகுப்பக்கம் சுவரில் முட்டும்படி போடுங்கள். மரத்தாலோ இரும்பாலோ ஆன, ஆடாத, சக்கரமில்லாத நாற்காலி நல்லது. உயரம் சுமார் 17 அங்குலம். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிய வேண்டும். குள்ளமானவர்களுக்குக் கால் தொங்கும். பூஜைக்கு உட்காரும் மணைப்பலகையை எடுத்து அடியில் போட்டுக்கொள்ளலாம். நிற்கும் முன் அதை எடுத்துவிட மறக்காதீர்கள்.

வெறுங்காலோடு செய்யுங்கள். சாக்ஸ் வழுக்கும். புடவை என்றால் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே வரும்படி தூக்கிச் செருகுங்கள். நைட்டி தரையில் புரளக் கூடாது. வேட்டிக்காரர்கள் மடித்துக் கட்டினால் போதும். போனைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள்.

குளித்து, காபி குடித்து, விறைப்பு விட்ட பிறகு செய்வது வசதி. இருபது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள்.

எவ்வளவு வலி வரை பொறுக்கலாம்?

எல்லோரும் கேட்கும் கேள்வி. வலியே இல்லாத அளவுக்குத்தான் செய்வேன் என்றால் ஒன்றும் நடக்காது; பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் அம்மா கதைதான். பத்துக்கு எவ்வளவு என்று மனதுக்குள் மதிப்பெண் போடுங்கள். மூன்று வரை இருந்தால் தொடரலாம். குத்துகிற, வெட்டுகிற வலி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். முடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தொடங்குவதற்கு முன் இருந்ததைவிட வலி அதிகமாக இருந்தால் அடுத்த நாள் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மறுநாள் காலையில் வீக்கம் தெரிந்தால் அன்று உட்கார்ந்து செய்யும் கணுக்கால் பயிற்சி மட்டும் போதும். தொடை தசை லேசாகக் கடுப்பது வேறு விஷயம். அது வேலை செய்ததற்கான கூலி.

முதல் இரண்டு வாரம்: உட்கார்ந்தபடி

நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள், முதுகு சாயாமல். பாதங்கள் இடுப்பளவு விலகி, முட்டிக்கு நேர் கீழே கணுக்கால். பத்து மூச்சு நிதானமாக.

கணுக்காலில் தொடங்குங்கள். முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்து, குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்கி இறக்குவது பத்து. சின்ன வேலைதான், ஆனால் தடுக்கி விழப்போகும்போது முதலில் சமாளிப்பது கணுக்கால்.

அடுத்தது கால் நீட்டல். வலது காலை மெல்ல முன்னால் நீட்டி, விரல்களை உங்கள் பக்கம் இழுங்கள். தொடையின் மேல் கை வைத்துப் பாருங்கள், கல் மாதிரி இறுக வேண்டும். ஐந்து எண்ணும் வரை அப்படியே இருந்து, இறக்கும்போதும் மெதுவாக இறக்குங்கள். தொப்பென்று போடக் கூடாது. ஒரு காலுக்கு எட்டு முறை. முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலித்தால் பாதி வரை நீட்டினால் போதும்.

பிறகு உட்கார்ந்த இடத்திலேயே நடை: ஒவ்வொரு முட்டியாக இரண்டு அங்குலம் தூக்கி இறக்குவது, இருபது முறை. கடைசியாக இரண்டு பக்கமும் மெல்லத் திரும்பிப் பாருங்கள், பின்னால் யாரோ கூப்பிட்ட மாதிரி. எலும்பு பலவீனம் இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தால் ஆழமாகத் திரும்புவதும் முதுகை வளைத்து முன்னால் குனிவதும் வேண்டாம்.

மூச்சைப் பற்றி ஒரே விதி: அடக்கக் கூடாது. பிரஷர் உள்ளவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். எண்ணிக்கையை வாய்விட்டு எண்ணுங்கள். பேசுகிறவரால் மூச்சை அடக்க முடியாது.

மூன்றாம் வாரம் முதல்: எழுந்து உட்காருதல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். உத்கடாசனம் என்று இதற்கு ஒரு கௌரவமான பெயரும் உண்டு. நாம் செய்வது அதன் நாற்காலி வடிவம்.

பெரும்பாலானவர்கள் எப்படி எழுகிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். நாற்காலியில் பின்னால் சாய்ந்தபடி, காலை முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு, கைப்பிடியை அழுத்தி, "அப்பனே முருகா" என்று ஒரே உந்தாக உந்துகிறார்கள். உடம்பின் கனம் நாற்காலி மேல் இருக்கும்போதே முட்டியை வேலை வாங்கினால் அது வலிக்காமல் என்ன செய்யும்? கனத்தை முதலில் பாதத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

விளிம்புக்கு நகர்ந்து வாருங்கள். பாதங்களை முட்டிக்கு நேர்கோட்டிலிருந்து கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள், மூக்கு கால் விரலுக்கு நேர் மேலே வரும் வரை. இந்த இடத்தில் பலருக்கும் குப்புற விழுந்துவிடுவோமோ என்று பயம் வரும். அதற்காக முன்னால் இன்னொரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்ளலாம். அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் நகராது. இப்போது மூச்சை விட்டபடி குதிகாலால் தரையை அழுத்துங்கள். பிட்டம் தானாகக் கிளம்பும். முழுசாக எழுந்து இடுப்பை நிமிர்த்தி, ஒரு மூச்சு நின்று, பிறகு நான்கு எண்ணியபடி உட்காருங்கள். பாதி தூரத்தில் தொப்பென்று விழுகிறீர்கள் என்றால் அந்தப் பாதிதான் உங்களுக்குப் பலம் போதாத இடம். அதைச் சரிசெய்ய நாற்காலியின் உயரத்தைக் கூட்டுங்கள்.

ஜமக்காளத்தை நான்காக மடித்து இருக்கை மேல் போடுங்கள். மெத்தென்ற தலையணை வேண்டாம், அமுங்கும், ஆடும். உயரம் கூடினால் முட்டி குறைவாக மடங்கும், எழுவது சுலபமாகும். இரண்டு வாரத்தில் பத்து முறை சிரமமில்லாமல் எழ முடிந்தால் ஒரு மடிப்பைப் பிரித்துவிடுங்கள். அம்மாவுக்கு ஒரு ஜமக்காளமும் ஒரு பழைய போர்வையும் தேவைப்பட்டன. ஐந்தாவது வாரத்தில் போர்வை போனது, ஏழாவது வாரத்தில் ஜமக்காளம்.

எழும்போது முட்டிகள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே சரிகின்றனவா என்று வீட்டில் யாரையாவது எதிரே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். முட்டி, காலின் இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். சரிந்தால், முட்டிக்கு மேலே தொடைகளைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டி, அதை வெளிப்பக்கம் மெல்லத் தள்ளியபடியே எழுங்கள். நிமிர்ந்த பிறகு துண்டோடு நடந்துவிடாதீர்கள். எங்கள் வகுப்பில் ஒருவர் முயன்றிருக்கிறார்.

ஐந்து முறையில் தொடங்கி, எட்டு, பத்து என்று கூட்டலாம். கையைத் தொடையில் ஊன்றி எழுவது தப்பில்லை. வெட்கப்படவும் வேண்டாம்.

ஐந்தாம் வாரம் முதல்: நின்றபடி

இதற்கு நாற்காலி வேண்டாம், சமையல் மேடைக்கு வாருங்கள். இடுப்பு உயரம், நகராது, சரியாது. தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. எதிர்ச்சுவரில் தினசரி காலண்டர் இருந்தால் ரொம்ப நல்லது. தேதியை உற்றுப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். கண் ஓரிடத்தில் நிலைத்தால் உடம்பும் நிலைக்கும்.

முதலில் தாடாசனம், அதாவது நேராக நிமிர்ந்து நிற்பது. கட்டைவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் மூன்றும் சமமாகத் தரையில் பதியட்டும். முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டாதீர்கள்.

பிறகு நான்கு படிகள், ஒவ்வொன்றும் பத்து விநாடி. பாதங்களைச் சேர்த்து நிற்பது. ஒரு பாதத்தை அரையடி முன்னால் நகர்த்தி நிற்பது. ஒரு குதிகாலை மற்றக் காலின் விரல் நுனிக்கு முன்னால் ஒட்டி, கயிற்றில் நிற்கிற மாதிரி நிற்பது. ஒற்றைக் காலில் நிற்பது. ஒரு படி ஆடாமல் வந்த பிறகே அடுத்தது. பிடியையும் இதேபோல் குறையுங்கள்: இரண்டு கை, ஒரு கை, இரண்டு விரல், ஒரு விரல். மூன்றாவது நிலையில் பத்து விநாடி நிற்க முடியாதவர்களுக்கு விழும் அபாயம் அதிகம் என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கேயே ஒரு மாதம் தங்கினாலும் நஷ்டமில்லை.

விருட்சாசனம் செய்ய ஆசைப்பட்டால், ஒரு காலின் குதிகாலை மற்றக் கணுக்காலில் சாய்த்து, விரல்களைத் தரையிலேயே வையுங்கள். போட்டோவில் இருப்பதுபோல் பாதத்தை முட்டியின் பக்கவாட்டில் வைத்து அழுத்துவது தேய்ந்த முட்டிக்கு நேரடித் தண்டனை.

மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது பத்து, ஒரு காலைப் பக்கவாட்டில் ஓரடி விலக்கி இறக்குவது எட்டு, மேடை ஓரமாக நண்டு மாதிரி பக்கவாட்டில் நடப்பது இரண்டு சுற்று. நடக்கும்போது உடம்பை ஒற்றைக் காலில் தாங்குவது இடுப்பின் பக்கத் தசை. அதற்குத்தான் இந்த நண்டு நடை. கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைத் தனியாக இருக்கும்போது முயலாதீர்கள்.

கட்டிலில் ஐந்து நிமிடம்

தரையில் படுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. கட்டிலில் மல்லாந்து, ஒரு முட்டியை மடித்து, மற்றக் காலை நேராக வையுங்கள். நேரான காலின் குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. முட்டியைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணுங்கள். இது முட்டி முழுசாக நீளும் திறனைக் காப்பாற்றும். பிறகு இரண்டு முட்டியையும் மடித்து, இடுப்பை நாலு விரல் உயரம் மட்டும் தூக்கி இறக்குங்கள். அதுவே நமக்குச் சேதுபந்தாசனம்.

சவாசனத்தில் முட்டிக்குக் கீழே தலையணை வைத்தால் சுகமாக இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க அப்படியே தூங்காதீர்கள். முட்டி மடங்கியபடியே இறுகி, நேராக நீட்ட வராமல் போய்விடும்.

வேண்டாதவை

வஜ்ராசனம், பத்மாசனம், வீராசனம், குத்துக்காலிட்டு உட்காரும் மாலாசனம், முட்டி போட்டுச் செய்யும் எல்லாமும், வேகமான சூரிய நமஸ்காரமும். கணுக்காலை மற்றத் தொடை மேல் தூக்கிப் போட்டு முட்டியைக் கீழே அழுத்துவதும் வேண்டாம், இடுப்பு இறுகியிருந்தால் அந்தத் திருகல் முழுக்க முட்டியில் இறங்கும். மடக்கினால் வலியில்லாத அதிர்ஷ்டசாலிகள் சம்மணம் போடட்டும். அவர்களும் உயரமான மணையில் உட்காருவது நல்லது.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடியை வலிக்கும் முட்டிக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். தெருவில் பத்துப் பேரில் எட்டுப் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.

கணக்கு வையுங்கள்

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, பெரியவர்களுக்கு ஒரு சுலபமான பரிசோதனை வைத்திருக்கிறது. சுவரில் முட்டிய 17 அங்குல நாற்காலி, கைகள் நெஞ்சின் குறுக்கே. 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது? கையை ஊன்றினால் மதிப்பெண் பூஜ்யம். 65 முதல் 69 வயதில் பெண்களுக்கு 11-க்கும் ஆண்களுக்கு 12-க்கும் குறைந்தால் சராசரிக்குக் கீழே. 70 முதல் 74 வயதுப் பெண்களுக்கு அந்த எல்லை 10. தொடங்கும் நாளிலும் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

அம்மாவின் கணக்கு ஒரு பழைய மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. 74 வயதில் தொடங்கினோம். முதல் நாள் பூஜ்யம். கையை ஊன்றாமல் ஒருமுறைகூட வரவில்லை. நான்காம் வாரம் 3. ஆறாம் வாரம் 6. எட்டாம் வாரம் 9. பத்தாவதற்கு எழும் நேரத்தில் குக்கர் விசில் அடித்துக் கவனத்தைக் கலைத்துவிட்டது, அது கணக்கில் சேராது என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.